வென்றவர் யார்?

பந்தயத்தில் தோற்றவனுக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். "நான் தோற்கவில்லை, என்னை அநியாயமாகத் தோற்கடித்துவிட்டார்கள்" என்று எண்ணுகிறவனுக்குச் சமாதானம் சொல்லப் பிரம்மதேவனாலும் ஆகாது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகில் நடந்த ஒரு சம்பவம் இதற்குத் தக்க சான்று.

2015-ம் வருஷம் ஜூன் 27-ந் தேதி, ஹாலந்து தேசத்து அஸ்ஸென் பந்தயக் களம். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளை நோக்கி இரண்டு வண்டிகள் பறந்து வருகின்றன. முன்னே இத்தாலியரான வாலண்டினோ ரோஸி. அவரை ஒட்டியே ஸ்பெயின் தேசத்து மார்க் மார்க்கெஸ். வளைவின் உட்புறமாக மார்க்கெஸ் புகுந்தார். வண்டிகள் உராய்ந்தன. ரோஸியின் வண்டி பாதையை விட்டு விலகிச் சரளைக் கற்களின் மேல் பாய்ந்தது. அவர் விழுந்தார் என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவரோ சரளையைக் கடந்து மறுபடி பாதையில் ஏறி, முதலாவதாக எல்லையை எட்டிவிட்டார்!

"வளைவைச் சுற்றாமல் குறுக்கே போனவருக்கா வெற்றி?" என்றது ஒரு கட்சி. "முன்னே சென்றவரை இடித்து வெளியே தள்ளினால் அவர் வேறு எங்கே போவார்?" என்றது மறு கட்சி. பந்தய அதிகாரிகள் இருவர் மீதும் குற்றம் காணவில்லை. வெற்றி ரோஸிக்கே நிலைத்தது. ஆனால் மனத்தாங்கலும் நிலைத்துவிட்டது.

இதில் வருந்தத் தக்க விஷயம் ஒன்று உண்டு. ரோஸி பிறந்தது 1979 பிப்ரவரி 16; மார்க்கெஸ் பிறந்தது 1993 பிப்ரவரி 17. பதினான்கு வயது இளையவரான மார்க்கெஸ், சிறு பிராயத்தில் ரோஸியையே தம் ஆதர்ச வீரராகப் போற்றி வந்தவர். குருவாக எண்ணியவரோடு சிஷ்யன் பொருதுவதில் தவறில்லை. சந்தேகம் நடுவே புகுந்ததுதான் தவறு.

அவ்வருஷம் அக்டோபரில், மார்க்கெஸ் தம் நாட்டவரான லொரென்ஸோவுக்கு உதவும் பொருட்டே தமக்கு இடையூறு செய்வதாக ரோஸி பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். மார்க்கெஸ் அதை மறுத்தார். அக்டோபர் 25-ந் தேதி மலேசியாவில் சிப்பாங் களத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் மாறி மாறி முந்திப் போரிட்டார்கள். ஒரு வளைவில் ரோஸி தம் வேகத்தைத் தணித்து, மார்க்கெஸை ஓரத்துக்கு ஒதுக்கினார். வண்டிகள் மோதின, மார்க்கெஸ் விழுந்தார். இம்முறை அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. அடுத்த பந்தயத்தை ரோஸி கடைசி வரிசையிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அதுவே வருஷத்தின் இறுதிப் பந்தயம். ஸ்பெயினில் வலென்ஸியாவில் நடந்தது. அப்போது 312 புள்ளிகளுடன் ரோஸி முன்னணியில் இருந்தார், லொரென்ஸோவுக்கு 305. எல்லோருக்கும் பின்னாலிருந்து புறப்பட்ட ரோஸி நாலாவது ஸ்தானம் வரை வந்தார். போதவில்லை. பந்தயத்தை வென்ற லொரென்ஸோ 330 புள்ளிகளுடன் உலகச் சாம்பியன் ஆனார்; ரோஸிக்கு 325. ஒரு கணத்துக் கோபத்தின் விலை எவ்வளவு என்று நேயர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

பிறகு பல மாதங்கள் இருவருக்கும் இடையே பனிப்போர்தான். 2016 ஜூன் 3-ந் தேதி, பார்ஸிலோனாவை அடுத்த கதலோனியக் களத்தில் பயிற்சியின்போது லூயிஸ் ஸலோம் என்ற 24 வயது ஸ்பானிய வீரர் விழுந்து உயிரிழந்தார். இரண்டு நாள் கழித்துப் பந்தயம் நடந்தது. ரோஸியும் மார்க்கெஸும் கடுமையாகப் போட்டியிட்டார்கள். ரோஸி முதல், மார்க்கெஸ் இரண்டாவது. வண்டியை விட்டு இறங்கியதும் இருவரும் கை குலுக்கினார்கள். சக வீரன் ஒருவன் மறைந்த துக்கத்தின் முன்னே பழைய வழக்குகள் சிறுத்துப் போயின.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 2018 ஏப்ரலில் அர்ஜென்டினாவில் மார்க்கெஸ் இடித்து ரோஸி விழுந்தார். பந்தயம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கச் சென்ற மார்க்கெஸை ரோஸியின் கூட்டத்தார் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதே வருஷம் செப்டம்பரில், இத்தாலியில், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் மார்க்கெஸ் கை நீட்டினார்; ரோஸி அதை ஏற்கவில்லை. 2021-ல் ரோஸி மோட்டார் சைக்கிள் பந்தயத்தினின்று ஓய்வு பெற்றார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் வீரனின் உயிர், பக்கத்தில் வரும் எதிரியின் நிதானத்திலும் அல்லவா அடங்கியிருக்கிறது? ஆகவே அங்கே பரஸ்பர மரியாதை என்பது வெறும் சம்பிரதாயமன்று. அதுவே உயிர்க் கவசம். அந்த மரியாதை ஒரு தடவை கை குலுக்கியதோடு நிலைத்து விடுவதில்லை. ஒவ்வொரு பந்தயத்திலும் அதைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

அஸ்ஸெனில் வென்றவர் ரோஸி என்று ஏடுகள் கூறும். கதலோனியாவிலும் அவர் பெயரே முதலில் நிற்கிறது. ஆனால் அன்று மாலை அங்கே நீண்ட இரண்டு கைகளில் எது வென்றது, எது தோற்றது என்று எவராலும் சொல்ல முடியாது.