ஃபிரிட்ஜ் எழுப்பும் சத்தங்கள்: எதை விடலாம், எதற்கு நிறுத்த வேண்டும்?

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மறுநாள் நம் வீடுகளில் அதிகம் உழைப்பது ஃபிரிட்ஜ்தான். குர்பானி இறைச்சியால் ஃப்ரீஸர் நிறைந்திருக்கும். அன்று பார்த்துப் பின்பக்கம் 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும். நம்மில் சிலர் பதறி மெக்கானிக்கை அழைக்கிறோம். பலர் கண்டுகொள்வதே இல்லை. எது இயல்பான சத்தம், எது எச்சரிக்கை என்று தெரிந்தால் வீண்செலவு குறையும், உயிருக்கும் பாதுகாப்பு.

கவலைப்பட வேண்டாதவை

தண்ணீர் கொதிப்பது போன்ற 'களகள' சத்தம், குழாய்க்குள் கேஸ் ஓடுவதால் வருவது. இரவில் 'படக்' என்று கேட்பது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குளிரில் சுருங்கி விரிவதால். கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஒரு 'டிக்' கேட்கலாம். புதிய மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் இருப்பதால் அங்கே தொட்டால் சூடாக இருக்கும். பெரம்பலூர் கத்திரி வெயிலில் கம்ப்ரஸர் நீண்ட நேரம் ஓடுவதும் இயல்பே.

நாமே சரிசெய்யக் கூடியவை

'கடகட' என்று அதிர்ந்தால், நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா, பின்பக்கக் குழாய் சுவரில் உரசுகிறதா என்று பாருங்கள். சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும்.

குளிர் குறைந்தால், ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் கதவின் ரப்பர் பிடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோர வீடுகளில் பின்பக்கக் கம்பிகளில் தூசி படிந்து வெப்பம் வெளியேறாமல் போகும். பிளக்கைக் கழற்றிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

காய்கறித் தட்டின் கீழ் தண்ணீர் தேங்கினால், உட்புறப் பின்சுவரில் இருக்கும் வடிகால் துளை அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் திறந்துவிடும். ஃப்ரீஸர் பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையானால் கேஸ் முழுதும் போய்விடும்.

இறைச்சியைச் சிறு பொட்டலங்களாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரியில் இருப்பது நல்லது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீஸர் சுமார் 48 மணி நேரமும், கீழ்த்தட்டு 4 மணி நேரமும் தாங்கும்.

உடனே நிறுத்த வேண்டியவை

சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' கேட்டும் கம்ப்ரஸர் ஓடாவிட்டால், மின்னழுத்தம் குறைவு, அல்லது ரிலே பழுது. விவசாய மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமங்களில் இது நடக்கும். அப்படியே விட்டால் கம்ப்ரஸர் கருகிவிடும். பிளக்கைக் கழற்றுங்கள். தொடர்ந்து மின்னழுத்தம் குறைந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-இல் புகார் செய்யலாம்.

தொட்டால் ஷாக் அடித்தாலோ, கருகும் வாடை வந்தாலோ மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன். சமையல் கேஸைப் போலவே தீப்பற்றும். ஆனால் அதில் சேர்ப்பதுபோல் வாடை இதில் சேர்ப்பதில்லை. கேஸ் நிரப்பும் வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் மட்டுமே கொடுங்கள்.

பூட்டிக் கிடந்த வீடுகள்

2022 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் ஊரப்பாக்கத்தில், துபாயிலிருந்து வந்து, நெடுநாள் பூட்டியிருந்த வீட்டில் தங்கிய குடும்பத்தில் மூன்று பேர் உறக்கத்திலேயே இறந்தனர். ஃபிரிட்ஜில் ஏற்பட்ட விபத்தின் புகையே அவர்களை மூச்சுத் திணற வைத்தது.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற நம் ஊர்களில் வளைகுடாவில் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். பூட்டிவிட்டுப் போகும்போது ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். திரும்பி வந்ததும் முதலில் ஜன்னல்களைத் திறங்கள். எலி கடித்த வயர் உண்டா என்று பாருங்கள். மெக்கானிக் பார்த்த பிறகு, பகலில், வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் ஓடவிடுங்கள். பிளக்கைப் போட்டுவிட்டு உறங்கப் போகாதீர்கள்.

ஊருக்கு வரும் உறவினர்களிடம் இதை இன்றே சொல்லி வையுங்கள்.