சோளகம் வீசும் நெடுந்தீவு: காவிரிக்கரையிலிருந்து போறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

சுவாமிமலையில் காவிரி வண்டலுக்குத் தனி மதிப்பு உண்டு. மெழுகு உருவத்தின் மேல் அந்த மண்ணைப் பூசித்தான் ஸ்தபதிகள் சிலைக்கு அச்சு எடுக்கிறார்கள். ஆற்றை நம்பி வாழும் ஊர்க்காரர்கள், ஆறே இல்லாத தமிழ் ஊரைப் பார்க்க நினைத்தால் இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவுக்குப் போகலாம்.

எப்படிப் போவது?

நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் சேவை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 அன்று மீண்டும் ஆரம்பித்தது. பாஸ்போர்ட், விசா அவசியம். மழைக்காலத்தில் கப்பல் ஓடாது, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் வரை பஸ். பிறகு சுமார் ஒரு மணி நேரம் படகு. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிக்கும்.

அங்கே என்ன இருக்கு?

சுமார் 50 சதுர கிலோமீட்டர் தீவு. வீடு, தோட்டம் எல்லாவற்றுக்கும் பவளக்கல் வேலிதான். சிமென்ட், சாந்து எதுவும் கிடையாது; கல்மேல் கல் அடுக்கியதுதான். பனைமரங்கள், பெருக்கு மரம், இடிந்த கோட்டை, ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள் ஆகியவற்றையும் பார்க்கலாம்.

தண்ணீருக்கு என்ன வழி?

இதுதான் தீவின் பெரிய கவலை. சுண்ணாம்புக்கல் வழியே இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கும். கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும். கோடையில் மனிதர்களோடு குதிரைகளும் தண்ணீருக்குத் தவிக்கும்.

காற்றால் பயன் உண்டா?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்றாலை, 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம் அமைக்க 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்தியா தரும் மானியம் சுமார் 1.1 கோடி டாலர். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் தீவுக்கு இது பெரிய விஷயம். உவர்நீரை நன்னீராக்கவும் மின்சாரம்தானே வேணும்?

போறவங்க என்ன செய்யணும்?

குடிதண்ணீரைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. அங்குள்ள கிணற்று நீரைச் சிக்கனமாகப் புழங்குங்க. வேலியில் ஏறிப் படம் எடுக்காதீங்க. ஒரு கல் சரிந்தால் பக்கத்துக் கற்களும் சரியும். காலிப் பாட்டிலைத் தீவிலேயே போட்டுட்டு வராதீங்க. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டு வச்சுக்கறது நல்லது.