நான்கு ரிவர்ஸ் கியர்

பழைய வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கட்டாகக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? முன்னே போக ஒரு கியர், பின்னே போக நான்கு கியர் உள்ள வண்டி கிடைக்கும்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டு ஷெட்டில் ‘ஃபார்முலா வீ’ பந்தயக் கார் கட்டுகிறவர்கள் இந்தச் சிக்கலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வழி எளிது. கியர்பாக்ஸைப் பிரித்து, ‘கிரவுன் வீல்’ என்ற பெரிய பல்சக்கரத்தை, அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரத்தின் மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும். அச்சு சுழலும் திசை தலைகீழாகிவிடும்.

1963இல் அமெரிக்காவில் முறைப்படி தொடங்கியது இந்தப் பந்தய வகை. ஒருவர் மட்டும் உட்காரும் கார். இரும்புக் குழாய்ச் சட்டகம், ஃபைபர் கிளாஸ் உடல். மற்றபடி எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாம் பீட்டிலுடையவை. விலை உயர்ந்த பாகம் வாங்கி ஜெயிக்க முடியாது என்பதே விதியின் சாரம். பின்னாளில் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன்களான நிக்கி லாடாவும் எமர்சன் ஃபிட்டிபால்டியும் இதை ஓட்டியவர்கள்தான். நம் பக்கத்திலும் இதே யோசனை உண்டு. கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ கார்களை உருவாக்கினார். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அவற்றில் பந்தயம் ஓட்டியவர்தான்.

சரி, எஞ்சினை ஏன் திருப்ப வேண்டும்? பீட்டிலில் அது பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. நிறைகுடத்தைக் கையை நீட்டிப் பிடித்தபடி சட்டென்று திரும்பிப் பாருங்கள். அதே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்புவது எவ்வளவு சுலபம்! திருப்பி மாட்டிய எஞ்சின், ஓட்டுநரின் முதுகுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வந்துவிடுகிறது. காருக்கு இடுப்பில் குடம்.

எஞ்சின் 1,192 சிசி. வீட்டுக் காரில் சுமார் 40 குதிரைத்திறன் தந்தது. அது காற்றை உறிஞ்சும் கார்புரேட்டரின் துவாரம் 28 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயத்தைவிட ஒரு மில்லிமீட்டர்தான் பெரியது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது அந்த ஓட்டை வழியே நொடிக்குச் சுமார் 50 லிட்டர் காற்று போக வேண்டும். அதாவது இரண்டரை தண்ணீர் கேன், ஒவ்வொரு நொடியும். கணக்குப் போட்டால் காற்றின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர் வருகிறது. கார் அந்த வேகத்தை எட்டவே எட்டாது! அதனால்தான் காற்று போகும் குழாயின் உட்புறத்தை வழுவழுப்பாக்குவதில் இவர்கள் இரவுகளைச் செலவிடுகிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான மூளை பின் சஸ்பென்ஷனில் இருக்கிறது. பீட்டிலின் பின் அச்சுகள் கியர்பாக்ஸ் அருகே மட்டும் மடங்கும். இதற்கு ‘ஊசல் அச்சு’ என்று பெயர் வைக்கலாம். குடைக் கம்பிகள் மாதிரி: நடுப்பகுதி உயர்ந்தால் இரண்டு பக்கமும் கீழே சரியும், சக்கரங்களும் கூடவே சாயும். வேகமாக வளைவில் திரும்பும்போது, தரை வெளிப்பக்கச் சக்கரத்தை உள்நோக்கித் தள்ளுகிறது. மடங்கும் இடமோ தரையைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தத் தள்ளல் காரின் பின்பகுதியை ஜாக்கி வைத்தது போலத் தூக்குகிறது. தூக்கத் தூக்க, டயர் தன் ஓரத்தில் நிற்கிறது, பிடிப்பு போகிறது, கார் சுழல்கிறது.

அச்சை மாற்ற விதி விடாது. ஸ்பிரிங்கை எங்கே வைப்பது என்பதில் மட்டும் இடம் இருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக இருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பொதுவாக ஒரே ஸ்பிரிங்கை நடுவில் குறுக்கே வைத்தார்கள். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு இறங்கினால் மறுதட்டு ஏறும், எந்த எதிர்ப்பும் இல்லாமல். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் பிடித்திருக்கும் கை கனத்தை உணரும். இந்த ஸ்பிரிங்கும் அப்படியே. மேட்டில் ஏறி இரண்டு சக்கரமும் சேர்ந்து எழும்பினால் தாங்கும்; கார் பக்கவாட்டில் சாய்ந்தால் சும்மா நகர்ந்து கொடுக்கும். சாய்வைத் தடுக்கும் வேலை முழுக்க முன்பக்கத்துக்குப் போய்விடுகிறது. பின் டயர்கள் இரண்டும் முன்னைவிடச் சமமாகச் சுமக்கின்றன, இரண்டுமே பிடிக்கின்றன. சக்கரம் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் ஒரு வரம்பும் வைத்துவிட்டால், தூக்கும் வேலைக்கும் முற்றுப்புள்ளி.

இதில் இன்னொரு லாபம். நான்கு கால் நாற்காலி சமமில்லாத தரையில் ஆடும், ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகுவோம். முக்காலி ஆடாது. பின் அச்சு தராசாகிவிட்டதால் இந்தக் காரும் ஏறக்குறைய முக்காலிதான்.

எடை பார்ப்பதும் வீட்டிலேயே நடக்கும். அமெரிக்க விதிப்படி ஓட்டுநரோடு சேர்த்துக் குறைந்தது 465 கிலோ இருக்க வேண்டும். நான்கால் வகுத்தால் சக்கரத்துக்கு 116 கிலோ. பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வரும். 150 கிலோ வரை காட்டும் குளியலறை எடைமெஷின் நான்கு இருந்தால் போதும். ஒரு பக்கம் கனம் கூடினால் பேட்டரியை மறுபக்கத்துக்கு நகர்த்தலாம். எடை எடுக்கும்போது ஓட்டுநர் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கிருந்து எண்களைப் படிக்க முடியாது. குனிந்து நான்கையும் படித்துச் சொல்ல வீட்டில் யாரையாவது கெஞ்ச வேண்டியதுதான்.