வானம் மூடியிருந்தால்தான் படம்: பெக்கர் வகுப்பின் மாணவர்கள்

ஒரு புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடும்போது நாங்கள் செய்கிற முதல் வேலை, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கணும். இதே வேலையைக் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு கணவனும் மனைவியும் நாற்பது வருஷத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ரொம்ப ஆச்சரியம்.

பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர். ஜெர்மனிக்காரர்கள். 1959இல் சேர்ந்து படமெடுக்கத் தொடங்கினார்கள். எடுத்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டி, ஊதுலை, எரிவாயுத் தொட்டி, நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில் நிற்கும் கோபுரம். விதிகள் கறார். கறுப்பு வெள்ளை மட்டும். நேருக்கு நேர் நின்று எடுக்க வேண்டும். வெயில் கூடாது, நிழல் விழுந்தால் உருவம் மாறித் தெரியும். அதனால் வானம் மூடும்வரை காத்திருப்பார்கள். படத்தில் ஆளும் இருக்கக் கூடாது.

பிறகு ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து படங்கள் என்று கட்டம் கட்டமாக அடுக்குவார்கள். ஒரு படத்தைப் பார்த்தால் அது வெறும் தொட்டி. பன்னிரண்டைச் சேர்த்துப் பார்த்தால், ஒரே வேலைக்கு மனுஷன் எத்தனை விதமாக யோசித்திருக்கிறான் என்று தெரியும். ஆளே இல்லாத படத்தில் ஆளின் மூளை தெரிகிறது.

இந்தப் படங்கள் சாட்சியாகவும் இருந்தன. அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். டோர்ட்முண்ட் நகரில் ஸோலர்ன் சுரங்கத்தின் இயந்திரக் கூடத்தை இடிக்காமல் காக்க 1969இல் நடந்த முயற்சியில் பெக்கர் தம்பதிக்கும் பங்குண்டு. அது தப்பித்தது. இப்போது அருங்காட்சியகம்.

சரி, மாணவர்களுக்கு வருவோம். 1976இல் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பெர்ன்ட் பேராசிரியரானார். பதவி அவருக்குத்தான், ஆனால் பாடத்தில் ஹில்லாவும் கூடவே இருந்தார். அங்கே படித்தவர்கள் குருவை அப்படியே நகல் எடுக்கவில்லை. ஆளுக்கொரு விதியை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

தாமஸ் ஸ்ட்ரூத் பொருளை மாற்றினார். தொட்டிக்குப் பதில் ஒரு முழுத் தெரு. நடுரோட்டில் கேமராவை நிறுத்தி, இரண்டு பக்கமும் கட்டடங்கள் பின்வாங்கிப் போவதை எடுத்தார். தெரு காலி. ஆனால் அங்கே வாழ்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை ஜன்னலும் நடைபாதையும் சொல்லிவிடுகின்றன. பின்னாளில் அதே பொறுமையோடு அடர்ந்த காடுகளையும் எடுத்தார்.

காண்டிடா ஹோஃபர் நூலகம், காத்திருப்பு அறை என்று பொது இடங்களின் உள்ளே போனார். அடுத்து மிருகக்காட்சி சாலைகள். சிமெண்ட் தரை, சுவர், நடுவில் ஒரு விலங்கு. இயற்கைக்கு நாம் கட்டிக்கொடுத்த வாடகை வீடு எப்படி இருக்கிறது என்பதை, ஒரு வார்த்தை திட்டாமல் காட்டிவிடுகிறார்.

ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கி வண்ணத்துக்குப் போனார், ஆட்களைத் திரும்பக் கொண்டுவந்தார். அதுவும் தற்செயலாக! 1984இல் ஸ்விட்சர்லாந்தின் கிளாவுசன் கணவாயில் ஒரு மலைச்சரிவை எடுத்தார். பல மாதம் கழித்துப் பெரிதாக்கியபோதுதான் சரிவில் எறும்பு மாதிரி ஆட்கள் சிதறிக் கிடந்தது கண்ணில் பட்டது. அந்தப் பெரிய மலையும் சின்ன மனிதர்களும் அவர் பாணியாகவே ஆகிவிட்டன.

அதே குர்ஸ்கி 1999இல் ரைன் நதியை எடுத்தார். பச்சைப் புல், சாம்பல் நிற ஆறு, மறுபடி புல், மேலே மூடிய வானம். குருவின் அதே வானம்! ஆனால் எதிர்க்கரையில் இருந்த தொழிற்சாலைக் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். 2011இல் 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அன்றைக்கு அதுதான் உலகின் விலை உயர்ந்த புகைப்படம்.

எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. கட்டடங்களைக் காக்க ஆவணப்படுத்திய குருவின் மாணவர், கட்டடத்தையே அழிக்கிறார். பொய்யா? ஒரு விதத்தில் ஆமாம். ஆனால் அழித்த பிறகு மீதி இருப்பதைக் கவனியுங்கள். ஒழுங்காக வெட்டிய புல், கோடு போட்ட மாதிரி கரை, ஒரு தார்ப்பாதை. அதுவும் மனுஷன் செய்ததுதான். கட்டடத்தை எடுத்தாலும் 'சுத்தமான இயற்கை' கிடைக்கவில்லை. அந்த வகையில் படம் ஒரு உண்மையைச் சொல்கிறது. ஆனால் ரைன் கரையில் அன்று என்ன இருந்தது என்று கேட்டால், அதற்கு இந்தப் படம் சாட்சி சொல்லாது.

இரண்டு வகைப் படங்களும் வேண்டும், ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். இன்று நம் போனிலேயே அழிக்கும் பட்டன் இருக்கிறது. கரண்ட் கம்பி, குப்பைத் தொட்டி, குறுக்கே வந்த ஆள் எல்லாம் ஒரு தொடுதலில் காலி. அழியுங்கள், தப்பில்லை. ஆனால் அழிக்காத ஒரு பிரதியையும் வைத்திருங்கள். முப்பது வருஷம் கழித்து அந்தத் தெரு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், அந்தக் கம்பிதான் பதில் சொல்லும்.