புளோரைடும் எனோலேஸும்

தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக்காரர்களுக்குப் புளோரைடைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, நடுவயதிலேயே குனிய முடியாத முதுகு என்று தலைமுறைகளாகப் பார்த்துவிட்டார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே இந்தத் தொல்லையிலிருந்து மீளத்தான்.

அதே புளோரைடு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேறொரு வேலை பார்க்கிறது. சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் எடுக்கும்போது கவனியுங்கள்: பெரும்பாலும் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில்தான் பிடிப்பார்கள். அதற்குள் சோடியம் புளோரைடு இருக்கும். உடலை விட்டு வந்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். குளுக்கோஸ் உடைவதற்குப் பத்துப் படிகள். ஒன்பதாம் படியில் எனோலேஸ் என்ற நொதி ஒரு நீர் மூலக்கூறைப் பிரித்தெடுக்கிறது. அதற்கு மெக்னீசியம் துணை. புளோரைடு அந்த மெக்னீசியத்தோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து நொதியின் வேலையிடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆனாலும் முந்தைய படிகள் உடனே நிற்பதில்லை. முழுசாக அடங்கச் சில மணி நேரம் ஆகும். ரத்தத்தைக் காலையில் எடுத்து மதியம்வரை மேசையில் போட்டு வைப்பது தவறு என்பது இதனால்தான்.

எலும்பில் நடப்பது வேறு கதை. அங்கே புளோரைடு எலும்பின் தாதுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. குடிநீரில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், சோதனைக் குழாயிலோ அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பயப்பட வேண்டாம்.

புளோரைடு முடக்கும் அந்த எனோலேஸை ஆராய, அது சுத்தமாகக் கையில் கிடைக்க வேண்டும். மனிதத் திசுவை அரைத்தா எடுப்பது? எனோலேஸுக்கான மனித மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுகிறார்கள். பாக்டீரியா தன் புரதங்களோடு, 434 அமினோ அமிலங்கள் கோத்த மனித எனோலேஸையும் செய்கிறது. மரபணுவின் ஒரு முனையில் ஆறு ஹிஸ்டிடின்களுக்கான குறியீட்டையும் சேர்த்துவிட்டால், அந்த வால் புரதத்துக்குக் கைப்பிடி மாதிரி. பாக்டீரியாவை உடைத்து, சாற்றை நிக்கல் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் விட்டால், வால் உள்ள புரதம் நிக்கலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மற்றவை பெரும்பாலும் கழுவிப் போய்விடும். பிறகு இமிடசோல் கரைசலை ஊற்றினால் நொதி தனியே இறங்கி வரும். உறைநிலைக்கும் கீழே பத்திரப்படுத்துகிறார்கள்.

இப்படிச் செய்த நொதி வரும் பெட்டியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று போட்டிருப்பதைச் சம்பிரதாயமாக நினைத்துவிடக் கூடாது. பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் நச்சு துளி ஒட்டியிருந்தாலும் உடம்பில் ஏற்றினால் காய்ச்சல் கண்டுவிடும்.

மனிதரிடம் எனோலேஸ் மூன்று வகை. நரம்பணுக்களில் மிகுந்துள்ள வகை, சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் ரத்தத்தில் கூடுவதுண்டு. அதை அளக்கும் சோதனைகளைச் சரிபார்க்கச் சுத்தமான புரதம் தேவை. சிவப்பணுக்களிலும் அந்த வகை இருப்பதால், அவை உடைந்துபோன ரத்தத்தில் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அத்தகைய ரத்தத்தைத் தள்ளிவிட்டு மறுபடி எடுப்பதே சரி.