ஈரம் தாங்கும் ஜிப்சம் பலகை

ஈரம் தாங்கும் ஜிப்சம் பலகை என்பது, குளியலறை, சமையலறை, கழிவறை போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் உட்சுவர்களையும் உட்கூரைகளையும் அமைப்பதற்காக, நீரை விலக்கும் பொருள்கள் சேர்த்துச் செய்யப்படும் ஒரு கட்டிடப் பலகை ஆகும். இரண்டு தடித்த காகிதத் தாள்களுக்கு இடையே ஜிப்சம் சாந்தை இட்டு இறுகச் செய்து இது உருவாக்கப்படுகின்றது. சாதாரண ஜிப்சம் பலகையிலிருந்து எளிதில் பிரித்தறிவதற்காக இதன் முகத்தாள் பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். இதனால் கட்டிடத் தொழிலாளர் இதனைப் "பச்சை போர்டு" என்றும் அழைப்பதுண்டு.

இப்பலகை ஈரத்தைத் தாங்கக்கூடியதே தவிர, நீர்புகாப் பொருள் அன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராமல் பயன்படுத்துவதே இவ்வகைச் சுவர்கள் பழுதடைவதற்கு முதன்மைக் காரணமாகும்.

வரலாறு

காகிதத்துக்கும் ஜிப்சத்துக்கும் இடையிலான இணைப்பைக் கொண்டு பலகை செய்யும் முறைக்கு 1894 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அகஸ்டின் சாக்கெட் என்பவர் காப்புரிமை பெற்றார். ஈரப் பூச்சு காய்வதற்காகப் பல நாட்கள் காத்திருக்க வேண்டிய தேவையை இது நீக்கியதால், இருபதாம் நூற்றாண்டில் மேலை நாடுகளில் விரைவாகப் பரவியது. நீரை விலக்கும் பொருள் கலந்த வகைகள் பின்னர் உருவாயின.

இந்தியாவில் ஜிப்சம் பலகைகளுக்கான தர வரைவு ஐ.எஸ். 2095 என்பதாகும். தமிழ்நாட்டில் இவை முதலில் அலுவலகங்களிலும் உணவகங்களிலும் உட்கூரைகளாக (பால்ஸ் சீலிங்) அறிமுகமாகி, பின்னர் வீடுகளுக்கும் வந்தன.

ஜிப்சத்தின் தன்மை

ஜிப்சம் என்பது நீரேறிய கால்சியம் சல்பேட் ஆகும். இதன் எடையில் ஏறத்தாழ 21 விழுக்காடு, படிகத்தோடு பிணைந்த நீர் ஆகும். ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடாக்கும்போது இந்நீரின் நான்கில் மூன்று பங்கு வெளியேறி, பாரிஸ் சாந்து கிடைக்கின்றது. அதனுடன் மீண்டும் நீரைச் சேர்த்தால், ஊசி போன்ற படிகங்கள் ஒன்றுடன் ஒன்று பின்னிப் பிணைந்து இறுகுகின்றன. பலகையின் வலிமை இப்பின்னலில் இருந்தே கிடைக்கின்றது.

ஜிப்சம் நீரில் சிறிதளவு கரையும். ஒரு லிட்டர் நீரில் 2 கிராமுக்குச் சற்று மேல் கரைகின்றது. பலகை நனையும்போது படிகங்களுக்கு இடையே நீர் புகுந்து அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகின்றது. முழுதும் நனைந்த ஜிப்சம் தன் வலிமையில் பாதியளவை இழக்கக்கூடும். அத்துடன் முகத்தாள் ஈரமாகவே இருப்பின் பூஞ்சணம் அதனை உணவாகக் கொண்டு வளரும்.

ஈரம் தாங்கும் வகையில், சிலிகோன் சார்ந்த பொருள் அல்லது மெழுகுக் குழம்பு சாந்துடன் கலக்கப்படுகின்றது. இது நுண்துளைகளின் உட்பரப்பில் படிந்து, நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது. முகத்தாளும் இவ்வாறே பதப்படுத்தப்படும். ஐரோப்பியத் தர வரைவு இப்பலகைகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கின்றது. இரண்டு மணி நேரம் நீரில் மூழ்கியிருந்த பின், முதல் வகுப்புப் பலகை தன் எடையில் 5 விழுக்காட்டுக்கும், இரண்டாம் வகுப்பு 10 விழுக்காட்டுக்கும், மூன்றாம் வகுப்பு 25 விழுக்காட்டுக்கும் மேற்படாத நீரையே உறிஞ்சியிருக்க வேண்டும். 27 கிலோகிராம் எடையுள்ள முதல் வகுப்புப் பலகை ஒன்று இச்சோதனையில் ஏறத்தாழ 1.3 கிலோகிராம் நீரை உறிஞ்சினாலும் அது தேறியதாகவே கொள்ளப்படும். நீர்புகாப் பொருள் அன்று என்று கூறுவதன் பொருளை இதிலிருந்து அறியலாம்.

நீர் புகும் வழிகள்

தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள தீர்த்தமலை, பாறையிலிருந்து விழும் தீர்த்தங்களால் பெயர்பெற்றது. கெட்டியான பாறையின் ஊடாக நீர் எளிதில் செல்வதில்லை. அதிலுள்ள வெடிப்புகளையும் இடுக்குகளையும் வழியாகக் கொண்டே வெளிவருகின்றது. பலகைச் சுவரிலும் இதுவே நிகழ்கின்றது. பதப்படுத்தப்பட்ட முகத்தின் வழியே புகும் நீர் குறைவு. வெட்டிய விளிம்புகள், பலகைகளின் இணைப்புகள், திருகாணித் துளைகள், குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள், சுவரும் தரையும் சேரும் மூலை ஆகியவையே நீர் புகும் வழிகள். ஆகவே இச்சுவரின் ஆயுள் பலகையின் தரத்தைக் காட்டிலும் இவ்விடங்களை அடைக்கும் முறையையே பெரிதும் சார்ந்துள்ளது.

பயன்படுத்தத்தக்க இடங்கள்

குளியலறையின் உலர்ந்த பகுதி, கழிவறைச் சுவர், சமையல் மேடைக்கு மேலுள்ள சுவர், இவ்வறைகளின் உட்கூரை ஆகியவற்றுக்கு இப்பலகை ஏற்றது. நீர்த்தூவியின் கீழ் நேரடியாக நனையும் சுவரில் பயன்படுத்துவதாயின், அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சு கட்டாயம் தேவை. அத்தகைய இடங்களுக்குச் சிமெண்டு நார்ப் பலகையே மேலானது. வாளியில் நீர் நிரப்பி மொண்டு குளிக்கும் வழக்கமுள்ள நம் வீடுகளில், சுவரின் கீழ்ப்பகுதியே மிகுதியாக நனைகின்றது. இதனால் கீழ்ப்பகுதியைச் செங்கல்லால் கட்டி, அதற்கு மேல் பலகை அமைப்பது பாதுகாப்பானது.

வெளிச்சுவர்களுக்கும், நீராவிக் குளியல் அறை போன்று எந்நேரமும் ஈரமாக இருக்கும் இடங்களுக்கும் இது ஏற்றதன்று. ஓதம் ஏறிய பழைய சுவரை மறைப்பதற்கு இப்பலகையை அதன்மேல் ஒட்டுவதும் தவறாகும். ஓதம் மறைகின்றதே தவிர நீங்குவதில்லை. பலகையின் பின்புறம் காற்றோட்டமின்றி ஈரம் தேங்குவதால், சுவரும் பலகையும் சேர்ந்தே கெடுகின்றன. ஓதத்தின் காரணத்தை முதலில் கண்டறிந்து நீக்கி, சுவர் முற்றிலும் காய்ந்த பின்னரே பலகை இட வேண்டும்.

பொருத்தும் முறை

சட்டகம்

துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டாலான சட்டங்களைக் கொண்டு சட்டகம் அமைக்கப்படுகின்றது. தரையிலும் மேற்தளத்திலும் வாய்க்கால் வடிவச் சட்டங்களை நூல் பிடித்துப் பொருத்தி, அவற்றுக்கு இடையே நிலைச் சட்டங்களை நிறுத்துவர். தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகியவற்றால் நேர் பார்க்கப்படும். நிலைச் சட்டங்களுக்கு இடையிலான தூரம் பொதுவாக 600 மி.மீ. ஆகும். டைல்ஸ் ஒட்டப்படும் சுவராயின் இது 400 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் பலகை வளைந்து, டைல்களின் இடைநிரப்பு வெடிக்கும்; அவ்வெடிப்பின் வழியே நீர் புகும்.

கைகழுவும் தொட்டி, நீர்சூடாக்கி, கைப்பிடிக் கம்பி போன்றவற்றைப் பலகையில் மட்டும் தாங்கச் செய்யக்கூடாது. 15 லிட்டர் நீர்சூடாக்கியில் நீரின் எடை மட்டுமே 15 கிலோகிராம். கலத்தின் எடை இதற்கு மேலாகும். இவை வரும் இடங்களை முன்னரே குறித்து, சட்டகத்துக்குள் ஒட்டுப்பலகை அல்லது எஃகுத் தகட்டைத் தாங்கியாக வைக்க வேண்டும். குழாய்களில் கசிவு உண்டா என்பதைச் சோதிப்பதும் பலகை இடுவதற்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

வெட்டுதலும் பொருத்துதலும்

சுவர்களுக்கு 12.5 மி.மீ. தடிப்புள்ள பலகை பெரிதும் பயன்படுகின்றது. இதன் எடை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோகிராம் ஆகும். முகத்தாளைக் கத்தியால் கீறி, பலகையைப் பின்புறமாக மடித்து முறித்து, பின்தாளை அறுத்தால் நேராகப் பிரியும். குழாய்த் துளைகளை வட்ட இரம்பத்தால் அளவாக வெட்ட வேண்டும். சுத்தியால் உடைத்துத் துளையிடுதல் கூடாது. வெட்டிய விளிம்புகளில் பதப்படுத்தப்பட்ட தாள் இல்லாததால், அவற்றுக்கு நீர்த்தடுப்பு பிரைமர் பூசுதல் நன்று.

பலகையின் கீழ் விளிம்பு தரையைத் தொடக்கூடாது. ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். தரையைத் தொடும் பலகை, விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல் நீரை மேல்நோக்கி ஈர்க்கும்.

ஓரடுக்குப் பலகைக்கு 25 மி.மீ. நீளமுள்ள, துருவேறாத பூச்சு கொண்ட திருகாணிகள் போதுமானவை. சுவரில் இவை 300 மி.மீ.க்கு மேற்படாத இடைவெளியிலும், உட்கூரையில் அதைவிட நெருக்கமாகவும் அமையும். தாள் சுற்றிய விளிம்பிலிருந்து 10 மி.மீ., வெட்டிய விளிம்பிலிருந்து 15 மி.மீ. தள்ளித் திருக வேண்டும். பலகையின் நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கிச் செல்லுதல் முறையாகும். திருகாணியின் தலை பரப்புக்குச் சற்றுக் கீழே அமிழ வேண்டும். ஆனால் தாளைக் கிழிக்கக்கூடாது. தாள் கிழிந்தால் அவ்விடத்தில் பிடிமானம் போய்விடும். அடுத்தடுத்த வரிசைகளின் இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வராமல், செங்கல் கட்டு போல மாறி மாறி வருதல் வேண்டும்.

முடிப்பு வேலை

இணைப்புகளை நிரப்புதல்

பலகைகளின் நீண்ட விளிம்புகள் சற்றுச் சரிவாகச் செய்யப்பட்டிருக்கும். இரண்டு பலகைகள் சேரும்போது உண்டாகும் பள்ளத்தில் இணைப்புச் சாந்தை (ஜாயின்ட் காம்பவுண்டு) இட்டு, அதில் காகித நாடாவை அழுத்திப் பதித்து, காய்ந்த பின் மேலும் இரண்டு பூச்சுகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக இடப்படும். ஈரமான அறைகளுக்கென உள்ள சாந்தையே பயன்படுத்த வேண்டும். பலகை ஈரம் தாங்கி, இணைப்பு ஈரம் தாங்காவிடில் பயனில்லை.

சாந்து குழைப்பதற்குக் குடிக்கத்தக்க தூய நீர் தேவை. நீரில் கரைந்துள்ள உப்புகள் ஜிப்சம் இறுகும் நேரத்தைக் குறைக்கக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இதனைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பூச்சும் காய்வதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். காயாத பூச்சின் மேல் அடுத்த பூச்சை இடுவதால் பின்னர் வெடிப்பு தோன்றுகின்றது. இறுதியாக உப்புத்தாளால் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி அணிவது அவசியம்.

வண்ணம் பூசுதல்

டைல்ஸ் வராத பகுதிகளில் பிரைமர் பூசி, மெல்லியதாகப் பட்டி பார்த்து, கழுவத்தக்க, பூஞ்சணம் தடுக்கும் வண்ணம் பூசப்படும். பட்டி பார்க்கும் முன் பிரைமர் பூசாவிடில், தாளும் சாந்தும் நீரை வெவ்வேறு அளவில் உறிஞ்சி, இணைப்புகள் கோடுகளாகத் தெரியும்.

டைல்ஸ் ஒட்டுதல்

டைலின் பின்புறம் சிமெண்டு மணல் கலவையை அப்பிச் சுவரில் தட்டிப் பதிப்பது கொத்தனார்களின் பழைய வழக்கம். ஜிப்சம் பலகைக்கு இம்முறை இரண்டு காரணங்களால் ஒவ்வாது. முதலாவது எடை. பிரித்தானிய நடைமுறையில், பூச்சிடாத ஜிப்சம் பலகை தாங்கக்கூடிய எடை சதுர மீட்டருக்கு 32 கிலோகிராம் என்றும், அதன்மேல் ஜிப்சம் பூச்சு இட்டிருந்தால் 20 கிலோகிராம் என்றும் வரையறுக்கப்பட்டுள்ளது. 15 மி.மீ. தடிப்புள்ள சிமெண்டுக் கலவை மட்டுமே ஏறத்தாழ 30 கிலோகிராம் எடையுடையது. இரண்டாவது, வேதியியல் காரணம். சிமெண்டிலுள்ள அலுமினியச் சேர்மங்கள் ஈரத்தின் முன்னிலையில் ஜிப்சத்துடன் வினைபுரிந்து எட்ரிங்கைட் எனும் கனிமத்தை உண்டாக்குகின்றன. இது பருமனில் விரிவதால் டைல் சுவரிலிருந்து பிரிந்துவிடும். இதனைத் தடுப்பதற்கு முதலில் அக்ரிலிக் பிரைமர் பூசி, அதன்மேல் மெல்லிய பசை கொண்டு ஒட்ட வேண்டும்.

8 மி.மீ. பீங்கான் டைலும் பசையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோகிராம் இருக்கும். இது வரம்புக்கு உட்பட்டது. தர்மபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்கள் கிரானைட் கற்களுக்குப் பெயர்பெற்றவை. ஆயினும் 18 மி.மீ. கிரானைட் பலகம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 48 கிலோகிராம் எடையுடையதால், அதனை ஜிப்சம் பலகைச் சுவரில் ஒட்டுவது ஆபத்தானது.

நீர்த்தடுப்பு

நனையும் பகுதிகளில், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னர் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை இடப்படும். சுவரும் தரையும் சேரும் மூலையில் வலை நாடாவைப் பதித்து, தரையிலும் சுவரிலும் தொடர்ச்சியாகப் பூச வேண்டும். குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளிகள் சிலிகோன் கொண்டு அடைக்கப்படும். இந்தச் சிலிகோன் நாளடைவில் சுருங்கிப் பிரியக்கூடியது என்பதால், அவ்வப்போது பார்த்துப் புதுப்பிக்க வேண்டும்.

பழுதின் அறிகுறிகள்

வண்ணம் உப்புதல், பூஞ்சண வாடை, தட்டும்போது டைலில் எழும் வெற்றோசை, இடைநிரப்பு உதிர்தல், விரலால் அழுத்தினால் பலகை அமிழ்தல் ஆகியவை உள்ளே நீர் சேர்ந்திருப்பதைக் காட்டும். உட்கூரையில் பழுப்பு வட்டம் தோன்றினால், மேல்தளக் கழிவறையில் கசிவு இருக்கலாம். நனைந்த உட்கூரைப் பலகை தன் எடையாலேயே திடீரென விழக்கூடும் என்பதால், அதன்கீழ் புழங்குவதைத் தவிர்க்க வேண்டும். வண்ணம் பூசி மறைப்பது தீர்வாகாது. கசிவை நிறுத்தி, மென்மையான பகுதியை வெட்டி நீக்கி, சட்டகம் காய்ந்த பின் புதிய பலகை இட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜிப்சம்

தமிழ்நாட்டில் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் களிமண் படிவுகளில் ஜிப்சம் கிடைக்கின்றது. பாசுபாரிக் அமிலம் உற்பத்தி செய்யும் உரத் தொழிற்சாலைகளில் பாஸ்போஜிப்சம் துணைப்பொருளாகப் பெருமளவில் சேர்கின்றது. இதனைக் கொண்டு, கண்ணாடியிழையால் வலுவூட்டிய உட்குழிவான பலகங்கள் செய்யும் தொழில்நுட்பம் ஆஸ்திரேலியாவில் உருவானது. 124 மி.மீ. தடிப்புள்ள இப்பலகங்களின் குழிவுகளில் கற்காரை நிரப்பி, சுமை தாங்கும் சுவர்களாகவே பயன்படுத்தலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2013 ஆம் ஆண்டில் இம்முறையில் இரண்டு மாடி மாதிரிக் கட்டிடம் ஒன்று கட்டப்பட்டது. இப்பலகங்களிலும் நீரை விலக்கும் பொருள் கலக்கப்படுகின்றது. எனினும் கழிவறைத் தளங்களுக்கும் இணைப்புகளுக்கும் தனியாக நீர்த்தடுப்பு செய்தே ஆக வேண்டும் என்பது இரண்டுக்கும் பொதுவான விதியாகும்.