விரல் எலும்பு கரையும் கதை தெரியுமா?

வேளச்சேரிவாசிகளே! காலையில் காபி ஃபில்டரைத் திருகித் திறக்க விரல் மறுக்கிறதா? விறைப்பு விலக அரை மணிக்கு மேல் ஆகிறதா? பல வாரமாக இதே கதையா? “வயசாயிடுச்சு” என்று தைலம் தேய்த்து விட்டுவிடாதீர்கள். அது முடக்குவாதமாக இருக்கலாம். முப்பது வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வரும்!

எலும்பு ஓய்வதே இல்லை, தெரியுமா?
பழைய சுவரை இடிக்க ஓர் ஆள், புதுச் சுவர் எழுப்ப ஒரு கொத்தனார் என எலும்புக்குள் இரண்டு வகை செல்கள் ஓயாமல் வேலை பார்க்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத எலும்பு இப்படிப் புதிதாகிறது. முடக்குவாதம் வந்தால் இடிக்கிற கை ஓங்கி, கட்டுகிற கை தளர்ந்துவிடுகிறது!

முதல் அடி எங்கே விழுகிறது, தெரியுமா?
பெரும்பாலும் விரல் மூட்டுகளை ஒட்டிய எலும்பில்! நெதர்லாந்தில் ஆரம்பநிலை நோயாளிகள் 508 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டிலேயே கை எலும்பின் அடர்த்தி குறைந்தவர்களுக்குத்தான் பின்னாளில் மூட்டுச் சேதம் அதிகம்!

நோபல் வாங்கிய மருந்தே எலும்பைக் கரைக்கும், தெரியுமா?
1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கார்டிசோன் ஊசி போட்டதும், முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் நோபல் பரிசு! ஆனால் கார்டிசோன் போன்ற ஸ்டீராய்டு எலும்பையும் அரிக்கும். அதுவும் முதல் சில மாதங்களில்தான் வேகம் அதிகம். அதற்காக நீங்களாக நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை!

உங்கள் பறக்கும் ரயில் பாதையில் ஒரு மருந்தின் பூர்வீகம், தெரியுமா?
வேளச்சேரியில் ஏறி திருவல்லிக்கேணியில் இறங்கினால், அந்த மருந்துக்கு வழிவகுத்த விஞ்ஞானி எல்லாப்பிரகட சுப்பாராவ் படித்த இந்து உயர்நிலைப் பள்ளி இருக்கும் பேட்டை. பக்கத்திலேயே அவர் படித்த மாநிலக் கல்லூரி. பார்க் டவுனில் இறங்கினால் அவர் மருத்துவம் படித்த சென்னை மருத்துவக் கல்லூரி! அங்கே கதராடையில் அறுவை வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கைநழுவி எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

1923-ல் அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது; அதற்கு எதிராக வேலை செய்யும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் தந்தது. ரத்தப் புற்றுநோய்க்குப் பிறந்த அந்த மருந்து, 1988-ல் முடக்குவாதத்துக்கும் அமெரிக்க அனுமதி பெற்றது. இன்று உலகமெங்கும் இந்த நோய்க்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது அதுதான். பக்கவிளைவைக் குறைக்க உடன் தருவது? அதே ஃபோலிக் அமிலம்!

வாரத்துக்கு ஒரே நாள்தான், தெரியுமா?
முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தவறித் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து! மாத்திரைப் பட்டையில் கிழமையை எழுதி வையுங்கள்.

மூன்று மாதக் கணக்கு தெரியுமா?
அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள் என்கிறார்கள் வாதநோய் நிபுணர்கள். அரித்துப்போன மூட்டைப் பழையபடி ஆக்குவது கடினம். அரிக்க விடாமல் தடுப்பது சாத்தியம்!